கலசத்தில் ஏறிய பியோனி

வதனி எதற்கும் சட்டென்று மூக்கைச் சுளிக்கிறவள் அல்ல. படகில் வந்து, முகாமில் கிடந்து, வெளியே விட்ட பிறகு டண்டினோங் பக்கம் ஒரு கோழித் தொழிற்சாலையில் இரண்டு வருடம் குடல் இழுக்கிற வரிசையில் நின்றவள். அதற்குப் பிறகு காளான் பண்ணை. அங்கே குதிரைச் சாணமும் அழுகின வைக்கோலும் முழங்கை வரைக்கும். மத்தியானம் கையைக் கழுவிவிட்டு அதே கையால் சோற்றைக் குழைத்துச் சாப்பிடுவாள், ஒன்றும் செய்யாது. கூட நின்ற பெண்கள் ஓடிப்போய் வாந்தி எடுத்தால், இதுக்கே இப்படியா என்று சிரிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு 2023 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, சந்தனமும் சாம்பிராணியும் மணக்கிற ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் நின்றபோது குமட்டிக்கொண்டு வந்தது.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. மெல்பேர்னுக்குக் கிழக்கே மலைப்பக்கத்தில், ஹயாஷி அம்மாள் என்கிற ஜப்பானியப் பெண்மணியின் பியோனித் தோட்டத்தில் ஏழு வருடமாக வேலை. பியோனியை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அது நிஜப் பூ என்றே நம்பிக்கை வராது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒற்றைப் பூ, தொட்டால் கிழிந்துவிடும் போல இதழ். இந்த ஊர் வசந்தத்தில், அக்டோபர் வாக்கில், மூன்று வாரம் பூக்கும். மற்ற நாளெல்லாம் குச்சியும் இலையும்தான், அதற்குத்தான் வருடம் முழுக்க முதுகு ஒடிய வேலை. பூக்கிற நாளில் ஹயாஷி அம்மாள் ஒவ்வொரு பூவுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் காகிதக் குடை நட்டுவைப்பார், வெயில் பட்டால் இதழ் சுருண்டுவிடுமாம். பூவுக்குக் குடை பிடிக்கிற ஊரும் இருக்கிறதா என்று வதனி முதலில் வாயைப் பிளந்தாள். பிறகு குடை நடுவது அவள் வேலையே ஆகிவிட்டது.

அந்தத் தோட்டத்தில் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், பூவை மணந்து பார்ப்பது. விதையிலிருந்து வந்த புதுச்செடி முதன்முதலாகப் பூக்கும்போது நிறம், அகலம், வாசம் எல்லாவற்றையும் தினமும் காலையில் குறிப்பேட்டில் எழுதவேண்டும். வாசத்தை எழுத மூக்கைக் கொண்டுபோய்ப் பூவுக்குள் வைத்தாக வேண்டுமே. சாமிக்கு வைக்கிற பூவை மணக்கக் கூடாது, மணந்தால் அது எச்சில் என்று அதட்டி வளர்த்த பிள்ளை அவள். அதனால் எட்டி நின்று, காற்றில் வருகிறதை வைத்து ஒப்பேற்றப் பார்த்தாள். ஹயாஷி அம்மாள் அவள் பிடரியில் கையை வைத்து அப்படியே பூவுக்குள் அமுக்கினார். மூக்கு, கன்னம் எல்லாம் மஞ்சள் மகரந்தம். அன்றோடு அந்தக் கூச்சம் போயிற்று.

2017இல் குப்பைக்குப் போகவிருந்த ஒரு கைப்பிடி விதையை வதனி வீணாக்க மனமில்லாமல் பின்பக்கத்துப் பாத்தியில் போட்டாள். "நீ போட்டது, நீயே பார்த்துக்கொள்" என்று ஹயாஷி அம்மாள் சொல்லிவிட்டார். முளைத்தது நான்கு, பிழைத்தது ஒன்று. ஆறு வருடம் அதற்கு உரம் வைத்து, நத்தை பொறுக்கி, வாலபி என்கிற குட்டிக் கங்காரு கடிக்காமல் வலை கட்டிப் பார்த்துக்கொண்டாள். இந்த வருடம் அதில் ஒற்றை மொட்டு. செவ்வாய்க்கிழமை காலையில் விரிந்தது. வெள்ளைப் பூ, நடுவில் மட்டும் நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி ஊதா. அவள் மூக்கை உள்ளே விட்டாள், இஞ்சியும் எலுமிச்சந்தோலும் கலந்த ஒரு வாசம். அந்தத் தோட்டத்தில் வேறு எந்தப் பூவுக்கும் அது கிடையாது. ஹயாஷி அம்மாளும் மணந்து பார்த்தார், இரண்டாம் தடவையும் மணந்தார். அவர் இரண்டாம் தடவை மணந்தால் அது பெரிய விஷயம்.

"சனிக்கிழமை பியோனிச் சங்கத்திலிருந்து ஆள் வருகிறார்கள்" என்றார் அவர். "செடியிலேயே பார்த்து, அளந்து, சரி என்றால் புது ரகமாகப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். பெயர் நீ சொல்லு."

வதனிக்குப் பெயர் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. தன் பெயரைத்தான் வைப்பது என்று தீர்மானித்துவிட்டாள், வெட்கமாக இருந்ததால் வெளியே சொல்லவில்லை. பத்து வருடமாக இந்த நாட்டில் அவள் பெயர் எழுதப்பட்டதெல்லாம் தற்காலிகக் கடதாசிகளில்தான். அகதி மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள், மேல்முறையீட்டுக்குப் போட்டிருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 'பிரிட்ஜிங்' என்று ஒரு இடைக்கால விசா, அதுவும் ஒவ்வொரு தடவையும் வருமா வராதா என்று தெரியாது. அடுத்த வசந்தத்துக்கு அவள் இங்கே இருப்பாள் என்று அவளாலேயே அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பதிவேட்டில் ஏறிய பூவை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. அதற்கு அந்த ஒற்றைப் பூ சனிக்கிழமை வரைக்கும் காம்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில்தான் முதியோர் சுற்றுலா வந்தது. அதை இழுத்துப்போட்டதும் அவளேதான், யாரையும் குறை சொல்ல முடியாது. கேரம் டவுன்ஸ் கோயிலில் ஒரு நாள் அன்னதான வரிசையில் முரளிதரன் என்கிற பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிளென் வேவர்லிப் பக்கத்துத் தமிழ்ப் பெரியவர்களை மாதம் ஒரு தடவை பஸ்ஸில் எங்காவது கூட்டிப்போகிறவர், ஓய்வு பெற்ற என்ஜினியர். பேச்சுவாக்கில் வதனி தோட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். "அடடே, ஜப்பான் கார்டனா? கூட்டமில்லாத நாள்ல எங்களுக்கு மட்டும் திறந்துவிடச் சொல்லேன்மா" என்றார். பெரிய மனுஷர் ஒருவர் தன்னை மதித்துக் கேட்டதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. போய் ஹயாஷி அம்மாளிடம் கெஞ்சி, தோட்டம் மூடியிருக்கிற வியாழக்கிழமையைத் திறக்கவைத்தாள்.

"உன் ஆட்களா?" என்று கேட்டார் ஹயாஷி அம்மாள்.

"ஓம், என்ர ஆக்கள்தான்" என்று பெருமையாகச் சொன்னாள். முதலில் தமிழிலேயே வந்துவிட்டது, பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்குப் பஸ் வந்து நின்றது. இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள். அவர்களைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் பார்க்கிறேன். நேரத்துக்கு வந்தார்கள், அதைச் சொல்லலாம். மற்றபடி, வாசலில் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் 'பூக்களைத் தொட வேண்டாம், பறிக்க வேண்டாம்' என்று முழ நீளத்துக்குப் பலகை இருந்தது. அத்தனை பேரும் படித்தவர்கள். பாலம் கட்டினவர்கள், வங்கியில் மேனேஜராக இருந்தவர்கள், காலேஜில் பாடம் எடுத்தவர்கள். பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

போன கால்மணி நேரத்துக்குள் ஒரு அம்மாள் பாத்தியிலிருந்து ஒரு காகிதக் குடையைப் பிடுங்கி, தோளில் சாய்த்து, ஜப்பான்காரி மாதிரி நிற்கிறேன் என்று செல்ஃபி எடுத்தார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் பிடுங்கினார்கள். வதனி பின்னாலேயே ஓடி ஓடிக் குடைகளைத் திரும்ப நட்டாள். ஒருவர் இதழைக் கிள்ளிக் கசக்கி, "நிஜம்தாங்க" என்று பக்கத்து ஆளிடம் உறுதி சொன்னார். வதனிக்கு அந்த இதழ் தன் காதைப் பிடித்துத் திருகின மாதிரி இருந்தது. அன்ரி, அங்கிள் என்று இளித்துக்கொண்டே சமாளித்தாள், வேறு என்ன செய்வாள்.

அந்தக் கூட்டத்தில் கிரிஜா என்று ஒரு அம்மாள். அறுபத்தைந்து வயதிருக்கும், நல்ல மஞ்சள் பூசின முகம், கழுத்தில் ருத்திராட்சத்தைத் தங்கத்தில் கட்டிப் போட்டிருந்தார். நவராத்திரி ஐந்தாம் நாளாம், காலையில் பூஜை முடித்துவிட்டுத்தான் வந்தாராம், இதை நாலு தடவை சொன்னார். பேத்தி தேஜஸ்வினியையும் கூட்டி வந்திருந்தார், ஐந்து வயசுப் பிள்ளை. அது ஒரு இளஞ்சிவப்புப் பூவிடம் ஓடி முகத்தைக் கொண்டுபோனபோது, கிரிஜா சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"மோந்து பாக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? சாமிக்கு ஆகாது."

"But it's not God's, Paatti" என்றது பிள்ளை.

இங்கே எந்தப் பூ சாமிக்குப் போகிறது என்று வதனிக்குள்ளேயும் ஒரு கேள்வி வந்தது. பெரிய மனுசி, பக்தி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். அங்கேயே அவள் விழித்திருக்க வேண்டும்.

கிரிஜா அவள் பக்கம் திரும்பினார். முந்தின நாள் வதனி வேர்களுக்கு இரத்தமும் எலும்பும் அரைத்த உரம் போட்டிருந்தாள். இந்த ஊரில் தோட்டம் வைத்திருக்கிற எல்லாரும் போடுவதுதான். அந்த வாடை எவ்வளவு கழுவினாலும் நகத்தில் ஒரு நாள் நிற்கும்.

"என்னம்மா, உன் மேல ஏதோ கவுச்சி அடிக்குதே" என்று முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார். "ஆமா, நீ என்ன விசால இருக்கே? சிட்டிசனாயிட்டியா?"

"இல்லை அன்ரி, பிரிட்ஜிங் விசா."

"ஓ, போட்டா?" என்றார். போட் என்றால் படகு. அந்த ஒரு வார்த்தையில் அவளை எங்கே வைப்பது என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு 'வதனி' போய் 'இந்தாம்மா' ஆயிற்று. இந்தாம்மா, தண்ணி எங்கே. இந்தாம்மா, என் பையைக் கொஞ்சம் பிடி.

இங்கேதான் வதனி தப்புச் செய்தாள். அவளுக்கு ரோஷம் வந்தது. பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிறவள் மட்டுமில்லை நான் என்று காட்டவேண்டும் போல இருந்தது. வருகிறவர்கள் யாரையும் பின்பக்கத்துப் பாத்திக்குக் கூட்டிப்போகக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அவள் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "அன்ரி, வாங்கோ, உங்களுக்கொண்டு காட்டுறன்" என்றாள்.

வெள்ளைப் பூ குடைக்குக் கீழே முழுசாக விரிந்து நின்றது. அன்றைக்குக் காலையிலும் அவள் மணந்து குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். மூன்றாம் நாள், வாசம் இன்னும் கூடியிருக்கிறது என்று.

"இது நான் விதை போட்டு வளர்த்தது. ஆறு வருசம். முதல் பூ" என்றாள். "சனிக்கிழமை சங்கத்து ஆக்கள் வந்து பாக்கினம். பாத்துச் சரியெண்டா பெயர் வைக்கலாம்."

"என்ன பேரு?"

யாரிடமும் சொல்லாததை இந்த அம்மாளிடம் சொன்னாள். "வதனி."

கிரிஜா சிரித்தார். "உன் பேரேவா? நல்ல பொண்ணும்மா நீ. ஏதாவது அம்பாள் பேரு வெச்சா புண்ணியமாவது கிடைக்கும்." சொல்லிவிட்டுப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன வெள்ளை, என்ன வெள்ளை. இவ்வளவு பெருசா, மனுசங்க பாக்கவா பகவான் படைச்சான்?"

அப்போது முன்பக்கத்திலிருந்து ஹயாஷி அம்மாள் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவர் சத்தம் போட்டு வதனி கேட்டதே இல்லை. என்னவோ ஏதோ என்று ஓடினாள். தேநீர்க் குடிலுக்கு முன்னால் ஒரு கல்தொட்டி, மூங்கில் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும், உள்ளே போகிறவர்கள் விரல் நனைத்துக்கொள்வதற்கு. முரளிதரன் தயிர்சாதம் சாப்பிட்ட வாயை அதில் கொப்பளித்துத் துப்பியிருந்தார். ஒரு கறிவேப்பிலையும் இரண்டு மூன்று பருக்கையும் தெளிந்த தண்ணீரில் மிதந்தன. ஹயாஷி அம்மாள் தொட்டியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"வாஷ்பேசின்னு நினைச்சுட்டேன்மா, அதுக்கு ஏன் இந்தம்மா இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குறாங்க" என்றார் முரளிதரன்.

சீ என்று போயிற்று வதனிக்கு. கோழிக் குடலுக்கு வராத அருவருப்பு அந்தக் கறிவேப்பிலைக்கு வந்தது. முழங்காலில் உட்கார்ந்து, தொட்டியை மொண்டு ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிறையும் வரைக்கும் அங்கேயே இருந்தாள். அவள் தேய்க்கிற நேரத்துக்குள் பஸ் கிளம்பத் தயாராகிவிட்டது. கிரிஜா புளியோதரை கொண்டுவந்த டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார்.

"சாயங்காலம் கொலுவுக்கு வாம்மா, ஆறு மணிக்கு மேல. எல்லாரும் வருவாங்க" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்.

அவ்வளவுக்குப் பிறகும், பரவாயில்லை, கூப்பிடவாவது தோன்றியதே என்று வதனி நினைத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்பவேண்டும் போல இருக்கும்.

பஸ் போன பிறகு பின்பக்கத்துப் பாத்திக்குப் போனாள். குடை மடக்கி, செடிக்குப் பக்கத்தில் ஒழுங்காகப் படுக்கவைக்கப்பட்டிருந்தது. காம்பு வெறுமையாக நின்றது. கத்தரியால் வெட்டினால்கூட ஒரு மாதிரி, இது நகத்தால் கிள்ளி, வராமல் முறுக்கி இழுத்தது. பட்டை நார்நாராகக் கிழிந்து தொங்கியது. வதனி அந்த நாரைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் குந்தியிருந்தாள் என்று தெரியாது. பிறகு எழுந்து போய் ஹயாஷி அம்மாளிடம் தானே சொன்னாள், பாத்திக்குக் கூட்டிப்போனதையும் மறைக்காமல் சொன்னாள். ஹயாஷி அம்மாள் வந்து பார்த்தார், கிழிந்த இடத்துக்குக் கீழே சுத்தமாக வெட்டி மருந்து தடவினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

ஐந்தரை மணிக்கு வதனியின் போன் கிணுங்கியது. சுற்றுலா ஏற்பாட்டுக்காக அவளையும் முதியோர் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தார்கள். கிரிஜா ஒரு படம் போட்டிருந்தார். ஏழு படிக் கொலு, நடுவில் வெள்ளிக் கலசம், கலசத்தின் மேல் தேங்காயை மூடிக்கொண்டு அந்த வெள்ளைப் பூ. கீழே எழுதியிருந்தார்: 'இன்று அம்பாளே கேட்டு வாங்கிக்கொண்ட ஜப்பான் புஷ்பம்.' அதற்குக் கீழே கைகூப்பின படங்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. முரளிதரன் 'திவ்யம்' என்று போட்டிருந்தார்.

குழுவில் போட்டிருந்த விலாசத்தைப் பார்த்து, வேலை உடுப்போடேயே காரை எடுத்தாள். கிளென் வேவர்லிக்கு நாற்பது நிமிஷம். வழியெல்லாம் பேச வேண்டியதை அடுக்கிக்கொண்டு போனாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி. வீட்டு வாசலில் இருபது ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே காலையில் தோட்டத்துக்கு வந்த அதே பெண்கள், இப்போது பட்டுச் சேலையில். ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் காகிதக் கிண்ணத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். கிரிஜா எழுந்து வந்தார்.

"வா வா. குங்குமம் எடுத்துக்கோ. பாத்தியா, உன் பூ எங்கே போய்ச் சேந்துருக்குன்னு? எத்தனை பேருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?"

அதைக் கேட்டபோதுதான் வதனிக்குக் குமட்டியது. ஒளித்து வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். இந்த அம்மாள் முகத்தில் ஒரு சின்னக் கூச்சம் கிடையாது. தனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்து நன்றிக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"அன்ரி, சனிக்கிழமை ஆக்கள் வருகினம் எண்டு சொன்னனான்தானே?" என்றாள்.

"சொன்னே. அவங்க அளந்து பாத்துட்டு என்ன பண்ணப் போறாங்க? வாடிக் குப்பைக்குத்தானே போகும்? அது சாமி கால்ல கிடக்குறது மேல் இல்லையா?" கிரிஜா மற்றவர்களைப் பார்த்தார். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. "பூ பறிக்கிறது திருட்டாம்மா? நம்ம ஊர்ல அடுத்த வீட்டுச் செம்பருத்தியை யார்கிட்ட கேட்டுப் பறிச்சோம்? சாமிக்குன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அடுக்கி வைத்த நாலு கேள்வியும் வதனிக்கு மறந்துபோயிற்று. ஆறு வருசம் என்று சொன்னாலும், விசா என்று சொன்னாலும், பதிவேடு என்று சொன்னாலும் இந்தக் கூடத்தில் அது ஒருத்தர் காதிலும் ஏறாது. அவள் கலசத்தைப் பார்த்தாள். பூவின் ஊதா நடுவில் யாரோ ஒரு கட்டிக் குங்குமத்தை அப்பியிருந்தார்கள்.

"அது நான் மணந்து பாத்த பூ" என்றாள்.

பாட்டு நின்றது.

"என்னது?"

"செவ்வாய், புதன், இண்டைக்கு. மூண்டு நாளும் காலமை மூக்கை உள்ளுக்குள்ள விட்டு மணந்தனான். எங்கட முதலாளி அம்மாவும் மணந்தவ, ரெண்டு தரம். அதுதான் எங்கட வேலை. கொப்பியில எழுதிக் கிடக்கு, வேணுமெண்டா கொண்டுவந்து காட்டுறன்."

கிரிஜாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தோட்டத்தில் முந்தானையை மூக்கில் வைத்த அதே முகம்தான், அதைவிடப் பத்து மடங்கு சுளித்தது.

"ஐயோ, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? என் வீட்டுக் கலசத்தையே தீட்டாக்கிட்டியே" என்றார். "ஒன்பது நாள் விரதம்டி எனக்கு. இப்படியா பண்ணுவே?"

பாவம் கிரிஜா என்று ஒருத்தி சொன்னாள். இவளாவது அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றாள் இன்னொருத்தி. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் குற்றவாளி யார் என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை. வேலை உடுப்பில் உர வாடையோடு நிற்கிறவள்தான். கிரிஜா ஒரு டிஷ்யூவை எடுத்து, செத்த கரப்பானை எடுக்கிற மாதிரி பூவை இரண்டு விரலால் பிடித்து, கையை எட்டின மட்டும் நீட்டிக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தார். மூன்று இதழ் வழியில் விழுந்தது. அதையும் ஒருத்தி காகிதத்தால் ஒற்றி எடுத்தாள். குப்பைக் கூடையின் மூடி திறந்தது.

வதனி பின்னால் போனாள். எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் போனாள். பூ, எச்சில் சுண்டல் கிண்ணங்களுக்கு மேலே, குங்குமமும் தேங்காய்த் தண்ணீரும் ஊறி, ஒரு மிளகாய்க் காம்பு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவளுக்குக் கை போகவில்லை. அவள் பெற்ற பூ, அவளுக்கே தொட அருவருப்பாக இருந்தது. கிரிஜா செய்ததில் இதை மட்டும் அவளால் எந்தக் காலத்திலும் மன்னிக்க முடியாது. இரத்தமும் எலும்பும் தின்று வளர்ந்த பூ அது என்பதையும் சொல்லிவிட்டுப் போகலாமா என்று யோசித்தாள். இதுவே அவர்களுக்கு ஒரு நாளைக்குக் காணும் என்று விட்டுவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

சனிக்கிழமை சங்கத்து அம்மாள் வந்தார். வெட்டின காம்பைப் பார்த்தார், வதனியின் போனில் இருந்த படங்களைப் பார்த்தார், குறிப்பேட்டைப் படித்தார். அருமையான பூவாக இருந்திருக்கும், ஆனால் படத்தை வைத்துப் பதிய முடியாது, அடுத்த அக்டோபரில் சந்திப்போம் என்றார். நல்ல மனுஷி, தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். வதனி சரி என்று தலையாட்டினாள். அவளுடைய விசாக் கடதாசியில் மார்ச் மாதம் என்று போட்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஹயாஷி அம்மாள் ஒரு புதுப் பலகையும் கறுப்பு மையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"உன் மொழியிலும் ஒன்று எழுது" என்றார். "பறிக்க வேண்டாம் என்று." தூரிகையை எடுத்து அவளிடம் நீட்டினார். "அவர்களுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதா?"

"தெரியும்."

"என்னைவிட நன்றாகவா?"

"ஓம்."

வதனிக்கு முகம் எரிந்தது. உலகத்தில் இத்தனை மொழி இருக்க, அந்தத் தோட்டத்துக்கு வருகிறவர்களிலேயே சீனமும் வியட்நாமும் கிரேக்கமும் பேசுகிறவர்கள் இருக்க, தமிழுக்கு மட்டும் தனிப் பலகை. அதையும் அவள் கையாலேயே எழுதவேண்டும். தூரிகையை மையில் தோய்த்தாள். 'பறிக்காதீர்கள்' என்று எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள்.

கடைசியில் ஒரே வரி எழுதி, வாசலில், மற்ற இரண்டு பலகைக்கும் நடுவில் அறைந்தாள்.

'இத்தோட்டத்துப் பூக்கள் அனைத்தும் மணந்து பார்க்கப்பட்டவை.'

"பறிக்க வேண்டாம் என்றுதானே போட்டிருக்கிறாய்?" என்று கேட்டார் ஹயாஷி அம்மாள்.

"ஓம், அதுதான்" என்றாள் வதனி.

எழுதினது பொய்யாகிவிடக் கூடாது. அதனால் அந்தப் பருவம் முடிகிற வரைக்கும் தினமும் வாசலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம், முந்நூற்றுச் சொச்சம் பூவையும் ஒன்றுவிடாமல், பாத்தி பாத்தியாகக் குனிந்து மூக்கை விட்டு மணந்துகொண்டே போனாள்.